தங்கபுஷ்பம் வாங்கிப்போட்ட மக்ரோனி

மழை பொய்த்த வருஷத்துப் பொங்கலுக்கு முந்தின வாரம், செவக்காட்டுக் காலனியில் வெள்ளையடிப்பதற்காக வீட்டுச் சாமான்களையெல்லாம் வாசலுக்கு இறக்கியபோது, ஜெயக்கிளியின் அடுப்படிச் சிலாப்பில் கடைசி மூலையிலிருந்து, தேதி போய் இரண்டு வருஷமான ஒரு மீல்மேக்கர் பாக்கெட் அகப்பட்டது. அன்றைக்கு அவள் அதில் பாதியைப் போட்டுக் குழம்பு வைத்தாள், மறுநாள் மீதியைப் போட்டுக் குழம்பு வைத்தாள், அதற்கு மறுநாள் வெறும் பாக்கெட்டைக் கசக்கி எறியப் போனவள், அது கையில் கனப்பதைப் பார்த்துவிட்டு, சரி, இன்னும் கொஞ்சம் கிடக்கும்போல என்று திரும்பவும் அடுப்படிக்குப் போனாள்.

தேதி போனதைத் தின்னலாமா என்று அந்தக் காலனியில் யாரும் கேட்பதில்லை. பாக்கெட்டின் முதுகில் அடித்திருக்கும் தேதி கம்பெனிக்காரன் அவனுடைய பயத்துக்குப் போட்டது. வீட்டுக்காரிக்கு மோந்து பார்க்க மூக்கு இருக்கிறது, புடைக்கச் சுளகு இருக்கிறது, காயப்போட மொட்டை மச்சியில் வேண்டுமட்டும் வெயில் இருக்கிறது. வண்டு விழுந்தால் புடைத்துக்கொள்ளலாம், சிக்கு வாடை அடித்தால் வறுத்துக்கொள்ளலாம், இரண்டுக்கும் அடங்காததைப் புளி கூட்டிக் குழம்பாக்கிவிடலாம். "கெட்டுப்போறதுக்கு அது என்ன மீனா?" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். தின்கிற பொருளைக் குப்பையில் கொட்டினாள் என்று ஒருத்தியைப் பற்றிச் சொல்லிவிட்டால் அவள் மகளுக்கு மாப்பிள்ளை கிடைப்பது கஷ்டம்.

ஆகவே விஷயம் இரண்டு வாரம் கழித்துத்தான் வெளியே வந்தது. அதுவும் அதிசயமாக வரவில்லை, புகாராக வந்தது. குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு ஜெயக்கிளி சொன்னாள்: "எம் வீட்டு மீல்மேக்கர் தீரவே மாட்டேங்கு தாயி. அள்ள அள்ள வந்துக்கிட்டே இருக்கு. எங்க வீட்டுக்காரர் தட்டைப் பாத்ததுமே எந்திரிச்சுப் போயிருதாரு."

கேட்டவர்கள் யாரும் வாயைப் பிளக்கவில்லை. அவரவர் குடம் நிறைந்ததும் அவரவர் வீட்டுக்குப் போய், ஸ்டூலைப் போட்டு ஏறி, சிலாப்பின் கடைசி மூலையில் கையை விட்டுத் துழாவினார்கள்.

துழாவியதில் கிடைத்ததுதான் வேடிக்கை. அந்தக் காலனியில் அரிசியோ பருப்போ எண்ணெயோ தேதி வரைக்கும் உயிரோடு இருந்த சரித்திரமே கிடையாது; மாசக் கடைசியைப் பார்ப்பதே அவற்றுக்குப் பெரும்பாடு. தேதியைத் தாண்டிக் கிடந்ததெல்லாம் யாருக்கும் வேண்டாத சாமான்கள். சர்க்கரை வியாதிக்கு நல்லது என்று வாங்கி ஒரே ஒரு நாள் கரைத்துக் குடித்துவிட்டு முகம் சுளித்து மூடிவைத்த ஓட்ஸ், யாரோ கிறிஸ்துமஸுக்குக் கொடுத்த கஸ்டர்டு பவுடர், கலியாண வீட்டில் குடித்த சூப்பு நாக்கிலேயே நின்றதால் வாங்கி, எப்படிக் கரைப்பது என்று தெரியாமல் விட்ட சூப்புத் தூள், பிரசவத்துக்கு வந்துபோன மகள் விட்டுப்போன சத்துமாவு, இவையெல்லாம்தான் இப்போது தீராமல் கிடந்தன. "தெய்வம் குடுக்கதுன்னு ஆயிட்டா தொவரம்பருப்பாக் குடுக்கக் கூடாதா, போயும் போயும் இந்த ஓட்ஸையும் மீல்மேக்கரையுமா குடுக்கணும்" என்று ஜெயக்கிளி அலுத்துக்கொண்டாள்.

ஆனாலும் கிடைத்ததை விட யாருக்கும் மனசு வரவில்லை. மாசி மாசத்து மாரியம்மன் கோயில் கூழ் அந்த வருஷம் ஓட்ஸில் காய்ச்சப்பட்டது. அம்மன் ஒன்றும் சொல்லவில்லை, பூசாரிதான் இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரிந்தார். சடங்கு வீட்டிலும் சாவு வீட்டிலும் கஸ்டர்டு ஊற்றினார்கள். அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைத்தால், காக்கை சோற்றை மட்டும் கொத்தித் தின்றுவிட்டு மீல்மேக்கர் உருண்டைகளைப் பொறுக்கிக் கைப்பிடிச் சுவர்மேல் வரிசையாக வைத்துவிட்டுப் பறந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் அந்த வீட்டில் தீராதது என்ன என்று சாடையாக விசாரித்தார்கள், சத்துமாவு வீடு என்றால் கொஞ்சம் மரியாதை, சூப்பு வீடு என்றால் யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்துகொண்டார்கள்.

அப்புறம் எல்லோருக்கும் அந்தப் புத்தி வந்தது. தேதி கிட்ட வந்துவிட்ட துவரம்பருப்பையும் கடலை எண்ணெயையும் தேடி வாங்கி, தொடாமல் வைத்து, தேதி போகட்டும் என்று காத்திருந்தார்கள். கடை வைத்திருந்த மரியதாஸ் அண்ணாச்சியும் தேதி முடியப்போகிற சாமான்களைத் திருப்பி அனுப்பாமல் பின்கட்டில் அடுக்கிவைத்தார். தேதி வந்தது, போயிற்று. பருப்பில் வண்டு விழுந்தது, எண்ணெய் காறல் அடித்தது, அண்ணாச்சியின் பின்கட்டிலிருந்து அந்துப்பூச்சிகள் கூட்டமாகக் கிளம்பி வந்து டியூப்லைட்டைச் சுற்றின. ஒரு டம்ளர் பருப்புக்கூடத் தீராமல் நிற்கவில்லை.

அதிலிருந்துதான் அதன் சட்டம் என்னவென்று விளங்கியது. வாங்கிய வீட்டுக்காரர்கள் மறந்திருக்க வேண்டும். பேருக்கு மறப்பதல்ல, அப்படி ஒன்று இருப்பதே மனசில் இல்லாமல் போகிற மாதிரி, மூலையோடு மூலையாக, தூசியோடு தூசியாக மறந்திருக்க வேண்டும். அப்படி மறந்துபோனதைத்தான் தேதியும் மறந்துவிட்டுப் போகிறது, காத்திருக்கிறவன் வீட்டுக்குத் தேதி நேரத்துக்கு வந்துவிடுகிறது. இதைத் தெரிந்துகொண்டபின் பலர் மறந்து பார்த்தார்கள். புருஷனை விட்டு ஒளித்துவைக்கச் சொன்னார்கள், ஒளித்த இடத்தைப் புருஷன் மறக்கவில்லை. மறக்க வேண்டும் என்று நினைத்து ஒன்றை மறக்க முடியுமானால் உலகத்தில் பங்காளிச் சண்டையே இருக்காது.

இத்தனையிலும் அங்கே யாரும் சந்தோஷமாக இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. தீராத சாமானும் ஒரு வேலைதான். தினமும் அதைச் சமைக்க வேண்டும், தினமும் யாரையாவது தின்னவைக்க வேண்டும், தீர்ந்தால் கடைக்குப் போகலாம் என்கிற சின்ன நிம்மதிகூடக் கிடையாது. பங்குனி பிறந்தபோது காலனிப் பெண்களின் முகமெல்லாம் ஓட்ஸ் நிறத்தில் இருந்தது.

செண்பகவடிவின் வீட்டில் மட்டும் தீராதது எதுவும் அகப்படவில்லை. இரண்டு பெண்கள் சேர்ந்து ஆண்ட அடுப்படி அது. ஒருத்தி மறந்தால் இன்னொருத்தி ஞாபகப்படுத்திவிடுவாள். அந்த இன்னொருத்தி, வடிவின் புருஷன் வேலாயுதத்துக்கு அக்கா, தங்கபுஷ்பம், போன புரட்டாசியில் செத்துப்போனாள்.

மாமியார் செத்து ஆறு மாசம் கழித்து மருமகள் கண்ணில் தண்ணீர் வந்ததாம் என்பார்கள். நாத்தனார் செத்தால் எத்தனை மாசம் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை, அழுவாள் என்றே யாரும் எதிர்பார்க்காததால். வடிவு அன்றைக்கே அழுதாள், அதற்கப்புறமும் அழுதுகொண்டிருந்தாள். கட்டிக்கொடுத்த வீட்டில் ஒரு வருஷம்கூட வாழாமல் தம்பி வீட்டுக்குத் திரும்பி வந்த தங்கபுஷ்பமும், அந்தத் தம்பிக்கு வாக்கப்பட்டு வந்த வடிவும், முதல் சில வருஷம் அடுப்புக்காகச் சண்டை போட்டார்கள், அப்புறம் சண்டை போட அலுத்துப்போய் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். வடிவு கடலைமிட்டாய்க் கம்பெனிக்குப் போனாள், தங்கபுஷ்பம் சமைத்தாள். பொழுது சாய்கிற நேரத்தில் கம்பெனி வேனிலிருந்து இறங்கி வடிவு நடை ஏறினால், மூடிவைத்த தட்டும் தண்ணீர்ச் செம்பும் தயாராக இருக்கும். அவள் வாயைத் திறக்குமுன்னே தங்கபுஷ்பம் சொல்லுவாள்: "மொதல்ல தின்னு. பொறவு பேசு."

பிள்ளை இல்லாத வீடு அது. புருஷன் லோடுமேன் வேலைக்குப் போய் எந்த நேரத்தில் வருவான் என்று சொல்ல முடியாது. இருபது வருஷம், வடிவு வந்து சேர்ந்ததைக் கவனித்தது அந்த ஒரு குரல்தான். இப்போது அவள் இருட்டிக்கொண்டு வரும் வீட்டைத் திறந்து, லைட்டைப் போட்டு, வெறும் அடுப்பின் முன்னால் நின்று தீப்பெட்டியை எடுக்கும்போது, கை கால் எல்லாம் கழன்று விழுகிற மாதிரி இருந்தது. சோகம் என்று அவள் அதைச் சொல்லவில்லை. அலுப்பு என்றுதான் சொன்னாள்.

சிலாப்பில் ஒரு மக்ரோனி பாக்கெட் இருந்தது. போன ஆடியில் டிவியில் எவளோ செய்து காட்டியதைப் பார்த்துவிட்டுத் தங்கபுஷ்பம் அண்ணாச்சி கடையில் வாங்கி வந்தது.

"என்ன மதினி இது, குழாயை வெட்டிப்போட்ட மாதிரி?" என்று வடிவு அப்போது கேட்டாள்.

"மக்ரோனியாம்ளா. வெங்காயம் தக்காளி போட்டு வதக்கி, நல்லாத்தான் செய்யுதா."

"இதை எவன் திம்பான்? அண்ணாச்சி போகாத சரக்கை உங்க தலையில கட்டிட்டாரு."

"நீ இப்பத் திங்க வேண்டாம். என்னைக்காவது ரொம்ப அலுத்துப்போய் வருவேல்லா, அன்னைக்குச் செஞ்சு வைக்கேன். அன்னைக்குத் திம்பே."

அப்படிச் சொல்லி மேலே வைத்தவள், வடிவு இன்னும் அந்த அளவுக்கு அலுக்கவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, கடைசிவரை அதைச் செய்யவில்லை. நெஞ்சைப் பிடிக்கிறது என்று தானே பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனாள், சவ வண்டியில் திரும்பி வந்தாள்.

பாக்கெட்டின் தேதி ஜூன் பத்து. அது வடிவுக்கு மனப்பாடம், ஏனென்றால் கம்பெனியில் அவள் வேலையே தேதி போடுவதுதான். ரப்பர் ஸ்டாம்பின் சின்னச் சக்கரங்களைக் காலையில் முதலாளி சொல்கிற தேதிக்குத் திருப்பிவைத்துக்கொண்டு சாயங்காலம் வரை மிட்டாய்ப் பாக்கெட்டுகளின் முதுகில் குத்திக்கொண்டே இருப்பாள். கடலைமிட்டாய்க்கு மூன்று மாசம். ஊரெல்லாம் இன்றைக்குத் தேதியில் வாழும்போது அவள் மட்டும் மூன்று மாசம் முன்னால் வாழ்ந்துகொண்டிருந்தாள்.

தீராத சாமான்களின் சங்கதி வடிவின் காதுக்கு வந்ததிலிருந்து அவள் மனசில் ஒன்றே ஒன்றுதான் ஓடியது. அந்த மக்ரோனி தீராமல் போய்விட்டால் போதும். தினமும் பொழுது சாய வந்து ஒரு கைப்பிடி எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். தினமும் மதினி செய்துவைத்த மாதிரி இருக்கும், ஆயுசுக்கும் இருக்கும். ஆனால் அதற்கு அவள் அதை மறக்க வேண்டும், அந்த ஒன்றுதான் அவளால் ஆகவில்லை. அடுப்படிக்குள் நுழைந்ததும் கண் தானாக மேலே போயிற்று. அதைப் பார்க்காமல் இருப்பதற்காக அவள் குனிந்தே சமைத்தாள், அந்தக் குனிவே அதை ஞாபகப்படுத்தியது.

பொறுக்க முடியாமல் ஜெயக்கிளியிடம் சொன்னாள். ஜெயக்கிளிக்கு வாயும் பெரிது, மனசும் அந்த அளவுக்குப் பெரிது. கேட்ட கையோடு குழாயடியில் எல்லோரையும் நிறுத்திவைத்து ஏற்பாடு செய்துவிட்டாள்.

"இந்தப் பாருங்கட்டி. அவளுக்கு அந்தப் பாக்கெட் மறக்கணும்னா மொதல்ல புஷ்பக்கா மறக்கணும். இன்னையில இருந்து ஒருத்தி வாயிலயும் அந்தப் பேரு வரக் கூடாது. நாம ஞாபகப்படுத்துததாலதான் அவளுக்கு மறக்க மாட்டேங்கு."

அன்பில் செய்வதை யார் தடுக்க முடியும்? அன்றைக்கே ஜெயக்கிளி வந்து மாலை போட்ட போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றித் தன் வீட்டுப் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டாள். தங்கபுஷ்பம் உட்கார்ந்து காய் நறுக்குகிற முக்காலியை ஒருத்தி எடுத்துப் போனாள், கொடியில் கிடந்த நூல்சேலையை ஒருத்தி எடுத்துப் போனாள். பூக்காரி அந்த வாசலில் நின்று பழக்கத்தில் கூப்பிட வாயெடுத்தவள், நாக்கைக் கடித்துக்கொண்டு நகர்ந்தாள். எந்த வீட்டு டிவியிலாவது மக்ரோனி விளம்பரம் வந்தால் சத்தத்தைக் குறைத்தார்கள். காலனி முழுவதும் வடிவைக் கண்டால் பேச்சை நிறுத்தி, வெயிலைப் பற்றி ஆரம்பித்தது. வெயிலைப் பற்றி அத்தனை மாசம் பேச என்ன இருக்கிறது, ஆனாலும் பேசினார்கள்.

வேலாயுதத்திடமும் ஜெயக்கிளி சொல்லிவிட்டாள். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரி" என்று மட்டும் சொன்னான். அவனைப் பெற்றவள் சீக்கிரமே போய்விட, தூக்கி வளர்த்தது அக்காதான் என்பது எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு யாருக்கும் அது தோன்றவில்லை.

மார்ச் மாசம் ஒருநாள் காலையில் முதலாளி, "ஜூன் பத்து போடும்மா" என்றார். வடிவு சக்கரங்களைத் திருப்பினாள். அன்று முழுக்க அவள் குத்தியதெல்லாம் அந்தத் தேதிதான். ஒவ்வொரு பாக்கெட்டையும் குத்திக் குத்தித் தள்ள, அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக ஜூன் பத்து லாரி ஏறி, அவள் பார்த்தறியாத ஊர்களுக்கெல்லாம் போயிற்று. மறக்கச் சொன்ன ஒன்றை ஒரே நாளில் இத்தனை தரம் கையாலேயே எழுத வேண்டியிருக்கிறதே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. சாயங்காலம் கட்டைவிரல் வீங்கியிருந்தது.

சித்திரையும் போய் வைகாசி பாதியானபோது, மறதி உண்மையாகவே வந்தது. ஆனால் அது பாக்கெட்டின் பக்கம் போகவில்லை. கம்பெனியில் கூட வேலைசெய்கிற பெண் புதிதாக மூக்குக் குத்திக்கொண்டு வந்து, வலப்பக்கம் குத்தினது சரிதானே அக்கா என்று கேட்டாள். வடிவு பதில் சொல்ல வாயெடுத்து, மதினிக்கு எந்தப் பக்கம் மூக்குத்தி என்று நினைத்துப் பார்த்தாள். வரவில்லை. எட்டுக்கல் பேசரி, அது தெரிந்தது, ஒரு கல் விழுந்து அரக்கு வைத்திருந்தது, அதுவும் தெரிந்தது. எந்தப் பக்கம் என்பது மட்டும் துடைத்துவிட்ட மாதிரி போயிருந்தது. வீட்டுக்கு வந்ததும் போட்டோவைப் பார்க்கலாம் என்று நிமிர்ந்தாள். சுவரில் ஆணி மட்டும் இருந்தது. போய்க் கேட்டால் ஜெயக்கிளி இத்தனை மாசப் பாடும் வீணாயிற்றே என்று வருத்தப்படுவாள் என்று கேட்காமல் இருந்துவிட்டாள்.

அந்த வாரத்திலேயே இன்னொன்றும் நடந்தது. கம்பெனி வேன் ரிப்பேராகித் தெருமுக்கிலேயே இறக்கிவிட, வடிவு அண்ணாச்சி கடையின் பின்பக்கச் சந்து வழியாக நடந்து வந்தாள். உள்ளே சாக்கு மூட்டைமேல் வேலாயுதம் உட்கார்ந்திருந்தான். குரல் சந்துவரைக்கும் கேட்டது.

"இன்னைக்கும் கொஞ்சம் இருந்துட்டுப் போறேன் அண்ணாச்சி."

"இரும். யாரு வேண்டாம்னா?"

"வீட்டுல பேரச் சொல்லக் கூடாதுன்னு வச்சிருக்கு. அவ நல்லதுக்குத்தான். இங்க வந்து ஒருதடவ சொல்லிக்கிட்டா நெஞ்சு கொஞ்சம் லேசாகுது."

"சொல்லும் வே. நான் கேக்கேன்."

கொஞ்ச நேரம் தராசுத் தட்டு ஆடுகிற சத்தம்தான் கேட்டது. அப்புறம் வேலாயுதம், கோயிலில் அர்ச்சனைக்குப் பேர் சொல்லுகிற மாதிரி, மெதுவாக, "தங்கபுஷ்பம்" என்றான். இன்னொரு தரமும் சொன்னான்.

வடிவுக்குத் தன்மேல் அப்படியொரு வெறுப்பு வந்தது. இந்த மனுஷன் சொந்த அக்காளின் பேரைச் சொல்ல வேண்டுமானால் கடைத்தெருவுக்கு வர வேண்டியிருக்கிறது, தன்னுடைய ஒரு கைப்பிடி மக்ரோனிக்காக. அவள் உள்ளே போகவில்லை. வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்து, அவன் வந்ததும் சோறு போட்டாள்.

ஜூன் பத்து வந்து போயிற்று. மறுநாள் விடிந்ததும் ஜெயக்கிளி நாலைந்து பெண்களோடு வாசலில் நின்றாள், எல்லோர் முகத்திலும் பிரசவ அறைக்கு வெளியே நிற்கிறவர்களின் ஆசை.

"ஏ வடிவு, இறக்குட்டி. பாத்துருவோம்."

"இன்னைக்கு வேண்டாம்க்கா."

"ஏன்? தேதிதான் போயிட்டுல்லா?"

"வேண்டாம்க்கா. எனக்குப் பயமா இருக்கு."

தீர்ந்துவிடுமோ என்று பயப்படுகிறாள் என்று அவர்கள் நினைத்துக்கொண்டு, ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் பயம் அது இல்லை. அந்தப் பாக்கெட்டைப் பிரித்து, அது தீராமல் வந்துகொண்டே இருந்தால், தான் மதினியை மறந்துவிட்டதாகத்தானே அர்த்தம்? மூக்குத்தி எந்தப் பக்கம் என்பது போன மாதிரி, மிச்சமும் போய்க்கொண்டிருப்பதாகத்தானே அர்த்தம்? அப்புறம் ஆயுசு முழுக்க ஒவ்வொரு பொழுதும் சாய, அந்த மறதியைக் கைப்பிடி கைப்பிடியாக அள்ளி வேகவைத்துத் தின்ன வேண்டும். முன்பு அது தீராமல் இருக்க வேண்டுமே என்று தவித்த அதே மனசு, இப்போது தீராமல் இருந்துவிடக் கூடாதே என்று தவித்தது. ஆனிக் காற்று செம்மண்ணை வாரிக்கொண்டு வந்து அடுப்படி ஜன்னலில் அறைந்துகொண்டிருந்தது. அவள் நாளைத் தள்ளிப்போட்டாள்.

ஆடி மாசக் கோயில் கொடை நெருங்க, கம்பெனியில் ஆர்டர் குவிந்து, ஒரு சனிக்கிழமை நின்றே வேலைபார்த்துவிட்டு வடிவு வீட்டுக்கு வந்தாள். நடை ஏறும்போது முழங்கால் மடங்கவில்லை. கையைத் தூக்கினால் விரல் இன்னும் தேதி குத்துகிற மாதிரியே துடித்தது. வேலாயுதம் முன்னமே வந்து லைட்டைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தான். அவள் அடுப்படி வாசலிலேயே அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ரொம்ப அலுத்துட்டேங்க. இன்னைக்கு என்னால முடியாது."

அவன் அவளைப் பார்த்தான். அப்புறம் மேலே பார்த்தான். "அக்கா வாங்கிப்போட்டது ஒண்ணு இருக்குல்லா, காப்பித்தூள் டப்பாவுக்குப் பின்னால" என்றான்.

"உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"எப்படி இல்லாமப் போவும்?"

வடிவு எழுந்தாள். ஸ்டூலைப் போட்டு ஏறியது அவள்தான், பிடித்துக்கொண்டது அவன். பாக்கெட்டைக் கீழே கொண்டுவந்து, ஓரத்தைப் பல்லால் கடித்துப் பிரித்து, லைட்டுக்கு நேரே சாய்த்தாள். உள்ளே பாதி மாவாக உதிர்ந்திருந்தது. அந்த மாவுக்குள்ளிருந்து ஒரு கறுப்பு வண்டு, அப்புறம் இன்னொன்று, அப்புறம் ஒரு குடும்பமே கிளம்பி, அவள் உள்ளங்கையில் ஏறி மணிக்கட்டுப் பக்கமாக அவசரம் இல்லாமல் நடந்தது.

"வண்டு விழுந்திருக்குங்க" என்றாள். "நல்லா விழுந்திருக்கு." அவள் சிரித்தாள், சிரிப்பு பாதியிலேயே அழுகையாகப் போயிற்று. மறக்கவில்லை. மூக்குத்தி எந்தப் பக்கம் என்பது போனால் போகட்டும், அவள் மறக்கவில்லை. இத்தனை பேர் சேர்ந்து உதவி செய்தும் அவளுக்கு மறக்கவில்லை.

அன்றைக்கு இருவரும் வெறும் மோரைக் குடித்துவிட்டுப் படுத்தார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வடிவு சுளகில் கொட்டிப் புடைத்து, மச்சியில் பழைய வேட்டியை விரித்து மக்ரோனியைக் காயப்போட்டு, காற்றுக்குப் பறக்காமல் நாலு மூலையிலும் கல் வைத்தாள். வெயில் ஏற ஏற, மிச்சமிருந்த வண்டுகள் வேட்டியின் ஓரத்தைப் பார்த்து ஓடின. துணி காயப்போட வந்த ஜெயக்கிளி அடுத்த மச்சியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"பாவி மட்ட. நீ மறக்கவே இல்லையாட்டி?"

"இல்லக்கா."

"அப்ப இது தீந்துருமே."

"தீரட்டும்க்கா."

ஜெயக்கிளி ஈரத்துணியைக் கொடியில் போடாமல் தோளிலேயே போட்டுக்கொண்டு கீழே இறங்கிப் போனாள். திரும்பி வரும்போது கையில் போட்டோ இருந்தது, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அவளுக்குப் பின்னால் முக்காலி வந்தது, சேலை வந்தது. வடிவு போட்டோவை வாங்கிப் பார்த்தாள். மூக்குத்தி இடப்பக்கம்.

வெங்காயம் தக்காளி போட்டு வதக்கித்தான் செய்தாள், டிவியில் வேறென்ன போட்டார்கள் என்று தங்கபுஷ்பம் சொல்லவில்லை. சின்னப் பாக்கெட், பெரிய கூட்டம். தன் வீட்டு மீல்மேக்கரைக் கொஞ்சம் கலந்தால் எல்லோருக்கும் காணுமே என்று ஜெயக்கிளி சொன்னபோது, வேண்டாம்க்கா, அது சேர்ந்தால் முடிவே இருக்காது என்று வடிவு சொல்லிவிட்டாள். ஆளுக்கு ஒரு கரண்டி வந்தது. ருசி பிரமாதம் என்று சொல்வதற்கில்லை, லேசான சிக்கு வாடை கடைசிவரை போகவில்லை. தின்றுகொண்டே ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். புஷ்பக்கா குழாயடியில் யாரை என்ன சொன்னாள், பூக்காரியிடம் எப்படிப் பேரம் பேசுவாள், அண்ணாச்சி பொட்டலத்தில் ஒரு கிராம் குறைந்தால் எப்படி வாசலில் நின்று மானத்தை வாங்குவாள் என்றெல்லாம் அத்தனை மாசம் அடக்கிவைத்திருந்ததைக் கொட்டினார்கள். வேலாயுதம் தின்று முடித்து, தட்டை நீட்டினான்.

"இன்னும் கொஞ்சம் இருக்கா?"

அந்த வட்டாரத்தில் அடுப்படியில் நின்றுகொண்டு ஒரு பொருளைத் தீர்ந்துபோச்சு என்று எந்தப் பெண்ணும் வாயால் சொல்ல மாட்டாள். உப்பே இல்லாவிட்டாலும் நிறைந்திருக்கிறது என்றுதான் சொல்லுவாள். அப்படிச் சொல்லித்தான் வடிவும் இருபது வருஷம் குடித்தனம் பண்ணினாள். கூடியிருந்த பெண்களெல்லாம் அவள் அதைத்தான் சொல்லப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வடிவு சட்டியை அவன் பக்கம் சாய்த்து அடியைக் காட்டினாள்.

"இல்லங்க" என்றாள். "தீந்துபோச்சு."

வேலாயுதம் வெறும் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் தட்டைக் கீழே வைத்துவிட்டு, எச்சில் கையோடு, புரட்டாசியிலிருந்து அழாமல் வைத்திருந்ததையெல்லாம் அழுதான். வடிவு அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். யாரும் அவனை நிறுத்தச் சொல்லவில்லை.